இரண்டு நாளில் இரண்டாயிரம் மைல்: எம்ஜிபியா, டிஆர்6-ஆ, ஸ்பிட்ஃபயரா?

கிளப் ட்ரையம்ஃப் என்ற பிரிட்டிஷ் கார் கிளப் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், ஓர் ஓட்டம் நடத்துகிறது. வெள்ளிக்கிழமை மாலை லண்டனின் வடக்கு ஓரத்தில் புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை போய், அங்கிருந்து தென்மேற்கு மூலையான லேண்ட்ஸ் எண்டைத் தொட்டு, ஞாயிறு மாலை லண்டன் திரும்ப வேண்டும். 48 மணி நேரம், ஏறத்தாழ 2000 மைல். 1966-இல் தொடங்கிய ஓட்டம் இது. ரேஸ் கிடையாது. முதல் இடம், இரண்டாம் இடம் கிடையாது. முடித்துக் காட்டினால் போதும்.

கணக்குப் போட்டால் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 42 மைல் சராசரி வருகிறது. கேட்க லேசாக இருக்கும். பெட்ரோல் போட, சாப்பிட, ஓட்டுநர் மாற எல்லாம் நேரம் கழித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் குறுகலான ரோடு, மூடுபனி, இரவில் ரோட்டுக்கு வந்து நிற்கும் மான் இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டிய காரை இரண்டு இரவு தூங்கவிடாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

டிசம்பரில் நடக்கும் லே ஜாக் என்ற போட்டி இன்னொரு வகை. லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ'க்ரோட்ஸுக்கு நேர் ரோட்டில் 874 மைல்தான். போட்டியோ சந்துபொந்தெல்லாம் சுற்றி, குறித்த நேரத்தில் குறித்த இடத்தைக் கடக்கச் சொல்லி, குளிர்காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இந்த மாதிரி ஓட்டத்துக்கு ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும், எதை வாங்குவது, வாங்கியபின் எதையெல்லாம் மாற்றுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓட்டுவது எம்ஜிபி ஜிடி, அதாவது மூடிய கூரை வைத்த எம்ஜிபி. அந்தப் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சாய்வுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காரைப் பார்த்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: இது ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், ஊரே இல்லாத இடத்தில் நின்றுபோனால், டிக்கியில் இருக்கும் சாமானை வைத்து, டார்ச் வெளிச்சத்தில் கிளப்ப முடியுமா? குதிரைசக்தி, வேகம், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

ஹீலியைப் பற்றி ஒரு வார்த்தை

இந்தப் பேச்சில் ஆஸ்டின்-ஹீலி 3000-ஐ விட்டுவிட முடியாது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து திரும்பிய 'மராத்தான் தெ லா ரூட்' என்ற பந்தயம், அந்தக் காலத்தில் கார்களை உடைத்துப் போடுவதற்கே பேர்போனது. 1960-இல் அதைப் பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்ற இரு பெண்கள் ஹீலி 3000-இல் வென்றார்கள். 1964-இல் ரௌனோ ஆல்டோனன், டோனி ஆம்ப்ரோஸ் ஜோடி அதே வகைக் காரில் மறுபடி வென்றது. ஆறு சிலிண்டர், 2912 சிசி, கம்பீரமான வண்டி.

ஆனாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். இன்றைக்கு ஒரு நல்ல ஹீலியின் விலைக்குப் பல எம்ஜிபி வாங்கலாம். வண்டி தாழ்ந்தது, எக்ஸாஸ்ட் மேட்டிலும் பள்ளத்திலும் உரசும். எஞ்சின் சூடு முழுக்க ஓட்டுபவரின் காலடிக்கு வந்து சேரும். வசதி உள்ளவர்கள் தாராளமாக ஓட்டட்டும். மற்றவர்களுக்குத் தேர்வு மூன்று: எம்ஜிபி, ட்ரையம்ஃப் டிஆர்6, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

எம்ஜிபி: தெரிந்த எஞ்சின்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட கார். 1798 சிசி, நாலு சிலிண்டர், இரட்டை எஸ்யு கார்புரேட்டர், 95 குதிரைசக்தி. இந்த எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம் ஊரில் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ கார் 1955-இல் வந்தபோது அதில் இருந்ததும் 1489 சிசி பி-சீரிஸ்தான். அம்பாசடர் பானெட்டைத் திறந்து பழகிய கை எம்ஜிபிக்குள் வழி தெரியாமல் நிற்காது.

நெடுந்தூர ஓட்டத்தில் இதன் பெயர் சும்மா வந்ததில்லை. மேலே சொன்ன மராத்தான் தெ லா ரூட், பொதுச் சாலையில் நடத்த முடியாமல் போனபின் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதைக்கு மாறியது. 1966-இல் அங்கே 84 மணி நேர ஓட்டத்தை ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னேவும் எம்ஜிபியில் வென்றார்கள். இரண்டே பேர் மாறி மாறி மூன்றரை நாள் ஓட்டி வாங்கிய வெற்றி. 1968 லண்டன்–சிட்னி மராத்தானில் ஜீன் டென்டன் ஓட்டிய எம்ஜிபி, காபூல், டெல்லி வழியாக மும்பை வந்து, கப்பலேறி ஆஸ்திரேலியா போய், சிட்னிவரை ஓடி முடித்தது. இடம் ரொம்பப் பின்னால்தான். ஆனால் போய்ச் சேர்ந்தது.

ரோட்டோரப் பழுதுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எம்ஜிபியின் பெட்ரோல் பம்ப் எஸ்யு மின்பம்ப். வலது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், வண்டிக்கு அடியில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் தொட்டி நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. ஒரு டிக் கூட வரவில்லை என்றால் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பேனர் பிடியால் பம்பின் உடம்பில் லேசாக ஒரு தட்டு. பெரும்பாலும் அதிலேயே மறுபடி அடிக்கத் தொடங்கிவிடும். இது நிரந்தர வைத்தியம் ஆகாது. வீடு வந்து பாயின்டை மாற்ற வேண்டும். ஆனால் காதாலேயே பழுதைக் கண்டுபிடித்து, ஒரு தட்டில் கிளப்பி, அடுத்த நூறு மைல் போகமுடிகிற பம்ப் இது.

குறைகளும் உண்டு. பெரியது துரு. எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, உடம்பே சேஸி. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுகள்தான் வண்டியின் முதுகெலும்பு. வெளியே புதுத் தகடு ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கதவை மறுபடி திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். அந்தக் காரை விட்டு விலகிவிடுங்கள். ரொம்ப ஆசைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் எம்ஜிபிக்குப் புது உடம்புக்கூட்டையே தயாரித்து விற்கிறது. ஒரு பழைய காருக்கு அந்த அளவு உதிரிபாகம் கிடைப்பது மற்ற இரண்டு கார்களைவிட எம்ஜிபிக்கு இருக்கும் பெரிய பலம்.

இரண்டாவது குறை, க்ளட்ச் போனால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ரோட்டோரத்தில் நடக்காத வேலை. அதனால் ஓட்டத்துக்கு முந்தைய குளிர்காலத்திலேயே க்ளட்ச் நிலையை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வருட மாடல்? 1964 அக்டோபர் முதல் எஞ்சினில், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் ஐந்து. 1967 இறுதியில் வந்த மார்க் 2-இல் நாலு கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு), மின்சாரம் தர டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். 1974 இறுதிக்குப்பின் அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியை உயர்த்தி, வளைவில் சாயும்படி ஆக்கிவிட்டார்கள். ஆகவே 1968 முதல் 1974 வரை, க்ரோம் பம்பர், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர்) உள்ளதைத் தேடுங்கள். கூரை திறக்கும் ரோட்ஸ்டரா, மூடிய ஜிடியா என்றால் நான் யோசிக்காமல் ஜிடி என்பேன். அக்டோபர் இரவில் கேன்வாஸ் கூரையின் படபடப்பு பத்து மணி நேரம் காதில் அறைந்தால் ஓட்டுபவர் முதலில் சோர்ந்துபோவார். ஜிடியில் பின்னால் ஒருவர் சுருண்டு படுக்கலாம், சாமானுக்கும் இடம் உண்டு. விலையும் ரோட்ஸ்டரைவிடப் பொதுவாகக் குறைவு. டேங்க் 12 கேலன் பிடிக்கும். ஒரு முறை நிரப்பினால் 300 மைல் பக்கம் ஓடும். இரவில் மூடிக்கிடக்கும் மேட்டுநிலத்துப் பெட்ரோல் பங்க்குகளுக்கு நடுவே இது சின்ன விஷயம் இல்லை.

டிஆர்6: ஆசை வைத்தால் காசும் வை

ஆறு சிலிண்டர், 2498 சிசி. பிரிட்டனில் விற்ற முதல் கார்களில் லூகாஸ் மெக்கானிக்கல் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் 150 குதிரைசக்தியும். மேட்டில் நாலாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும் சுகம் எம்ஜிபியில் வராது. இரவு மோட்டார்வேயில் அந்த எஞ்சின் பாடுவதைக் கேட்டவர்களுக்கு வேறு கார் பிடிப்பது கஷ்டம். ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த இன்ஜெக்ஷனை யோசியுங்கள். டிக்கியில் இருக்கும் மின்பம்ப் 100 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் தரவேண்டும். எஞ்சின் பயன்படுத்தாத பெட்ரோல் சுற்றித் திரும்ப டேங்குக்கே வருகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், அந்தக் கொஞ்சப் பெட்ரோலே சுற்றிச் சுற்றிச் சூடாகி, பம்பையும் சூடாக்கி, கடைசியில் எஞ்சின் இருமத் தொடங்கும். பழைய லூகாஸ் பம்பை எடுத்துவிட்டு பாஷ் பம்ப் மாட்டுவது இன்று பரவலான தீர்வு. செய்துவிட்டால் பெரும் தொல்லை தீரும். ஆனாலும் பழுது வந்தால் தட்டிக் கிளப்பும் வகை இல்லை இது. தெரிந்தவர் வேண்டும், கருவி வேண்டும். அமெரிக்காவுக்குப் போன டிஆர்6-களில் இன்ஜெக்ஷன் இல்லை, இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்தான். சக்தி குறைவு. இடப்பக்க ஸ்டியரிங் பரவாயில்லை என்றால், நெடுந்தூரத்துக்கு என் ஓட்டு திரும்பி வந்த அந்தக் கார்களுக்கே.

டிஆர்6 பார்க்கப் போனால் ஒரு சோதனையைச் செய்யாமல் வராதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லியில் கண்ணை வையுங்கள். கூட வந்தவர் க்ளட்சை மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறதா? 0.2 மில்லிமீட்டருக்குள்தான் அசைய வேண்டும்; கண்ணில் பளிச்சென்று படும் அளவுக்கு அசைந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது முழுக்கத் தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். எஞ்சின் குப்பைக்குப் போகும். முன்னாடியே கண்டுபிடித்தால் ஆயில் சம்பைக் கழற்றி, எஞ்சினை இறக்காமலேயே மாற்றிவிடலாம். ட்ராஃபிக்கில் க்ளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் இந்த வாஷருக்கு எமன். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

பின்பக்கம் டிஃபரென்ஷியலைத் தாங்கும் சேஸி பிடிப்புகள் விரிசல் விடும். கிளட்சை விடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் அங்கே பாருங்கள். அவற்றை வெல்டிங் செய்து பலப்படுத்துவது தெரிந்த வேலைதான். ஒரு விஷயத்தில் டிஆர்6 எம்ஜிபியைத் தோற்கடிக்கிறது: கியர்பாக்ஸை வண்டிக்குள் இருந்தே, நடு மூடியை எடுத்துவிட்டு, வெளியே எடுக்கலாம். தனி சேஸி என்பதால் உடம்பு துருப்பிடித்தாலும் வண்டி ஒடிந்துவிடாது. சேஸியே துருப்பிடித்திருந்தால் கதை வேறு.

ஸ்பிட்ஃபயர்: சின்ன பட்ஜெட்டுக்கு

ஸ்பிட்ஃபயரின் சேஸி ட்ரையம்ஃப் ஹெரால்டு காரிலிருந்து வந்தது. அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று கட்டியது. வண்டலூர் பக்கம் ஓடிய அந்தத் தொழிற்சாலையை நினைவு வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிட்ஃபயரின் முன்பக்க சஸ்பென்ஷன் புதிதாக இராது. அதில் சக்கரம் திரும்புகிற அடிமூட்டு ட்ரனியன். அதற்கு கிரீஸ் போடக்கூடாது. கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கிவிடும், துருப்பிடித்து, ஒரு நாள் வளைவில் மூட்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். வாங்கியதும் முதல் வேலை, அதைக் கழற்றிப் பார்ப்பது.

மற்றபடி பழுதுபார்க்க இதைவிட வசதியான கார் இல்லை. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் எந்த நட்டையும் எட்டலாம். கியர்பாக்ஸ் இதிலும் வண்டிக்குள்ளிருந்தே வரும். விலை மூன்றிலும் குறைவு. 1965-இல், பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், தன் வகுப்பில் முதலாவதாக வந்த பெருமையும் உண்டு. குறை என்ன என்றால் இடம், சத்தம், கடைசி மாடலான 1500-இன் கிராங்க் பேரிங். ஓவர்டிரைவ் இல்லாத ஸ்பிட்ஃபயரை மோட்டார்வேயில் மணிக்கணக்கில் விரட்டினால் பேரிங் தாங்காது. உயரமானவர்கள் வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள்.

ஆக என் வரிசை: கையில் நடுத்தரக் காசும் நாமே ஸ்பேனர் பிடிக்கும் பழக்கமும் இருந்தால் எம்ஜிபி ஜிடி. காசு அதிகம், பக்கத்தில் டிஆர் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்றால் டிஆர்6. காசு குறைவு, உடம்பு இளமை என்றால் ஓவர்டிரைவ் உள்ள ஸ்பிட்ஃபயர்.

எதை மாற்றுவது

சரி, கார் வந்துவிட்டது. இங்கேதான் பலர் தலைகீழாகச் செலவு செய்கிறார்கள். முதல் காசு எஞ்சின் சக்திக்குப் போகிறது, விளக்குக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அக்டோபரில் 48 மணி நேரத்தில் பாதிக்கு மேல் இருட்டு. அதனால் நான் விளக்கிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும்தான் தொடங்குவேன்.

கணக்கு இது. நல்ல ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் ஹை பீமில் 120 வாட், அதாவது 9 ஆம்ப். கூடுதல் ஸ்பாட் லைட் ஒரு ஜோடி, 8 ஆம்ப். பின்விளக்கும் டேஷ்போர்டும் இரண்டரை. வைப்பர் 3, ஹீட்டர் விசிறி நாலரை, இக்னிஷன் 3, பெட்ரோல் பம்ப் 1, போனும் வழிகாட்டும் கருவியும் 2. மழை இரவில் மொத்தம் 33 ஆம்ப் ஆகிறது. பழைய எம்ஜிபியின் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது 22. மிச்சம் பேட்டரியிலிருந்து போகும்; விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். மார்க் 2-உடன் வந்த ஆல்டர்னேட்டர் வகை 34 ஆம்ப், விளிம்பில் நிற்கிறது. அதே குடும்பத்தின் 18ஏசிஆர் 40-க்கு மேல் தரும், அதே பிடிப்பில் உட்காரும். அதைப் போடுங்கள். இந்தக் கார்களின் மின்சாதனங்களைச் செய்த லூகாஸின் பெயர் போட்ட சாமான்கள் என்றாலே, அடிக்கடி கெடும் என்று சிலர் சிரிப்பார்கள். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் செய்த டைனமோவும் ஸ்டார்ட்டரும் எத்தனை வருஷம் உழைத்தன என்று பார்த்த தலைமுறைக்கு அந்தச் சிரிப்பு வராது. பெரும்பாலும் பழுது லூகாஸிடம் இல்லை, ஐம்பது வருஷத்துப் பச்சை பிடித்த எர்த் இணைப்பில் இருக்கிறது. எல்லா எர்த்தையும் கழற்றி, பளபளவென்று தேய்த்து, மறுபடி மாட்டுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் அத்தனையும் ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும், அது உருகும்.

இக்னிஷனில் விவாதம் என்றும் ஓய்வதில்லை: மின்பொறியைத் தூண்டப் பழைய பாயின்டா, எலக்ட்ரானிக்கா? பாயின்ட் மெல்ல மெல்லக் கெடும். முன்கூட்டியே இழுவை குறையும், ஓட்டுபவருக்குத் தெரியும். ஒரு சின்ன அரமும் ஃபில்லர் கேஜும் இருந்தால் 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டு நகரலாம். எலக்ட்ரானிக் மாட்யூல் தேயாது, டைமிங் நகராது, நாற்பதாயிரம் மைல்கூட ஓடும். போனால் ஒரே நொடியில் போகும், அரம் உதவாது. என் தீர்ப்பு எலக்ட்ரானிக்கே. நிபந்தனை ஒன்று: பாயின்டும் கண்டென்சரும் பூட்டிய பழைய தட்டை அப்படியே டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிப் பழகுங்கள். அப்புறம் எந்த வகையானாலும் ரோட்டார் ஆர்மை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடும் துண்டை, கவனியுங்கள். இன்று கடையில் கிடைக்கும் மலிவு ரோட்டார் ஆர்ம்களில் நடு ரிவெட் வழியாக மின்பொறி ஒழுகி எஞ்சின் நின்றுபோவது சகஜம். ரிவெட் இல்லாத சிவப்பு நிற வகை வருகிறது. நாலைந்து பவுண்டு கூடுதல், கொடுத்துவிடுங்கள்.

கார்புரேட்டரில் எஸ்யு-வைக் கழற்றி வெபர் 45 மாட்டச் சொல்வார்கள். வெபர் அழகு, சத்தம் அழகு. ஆனால் அதன் லாபம் உயர்ந்த ஆர்பிஎம்மில்தான். நீங்கள் இருப்பதோ 3000-இல். பெட்ரோலும் கூடக் குடிக்கும். எஸ்யு-வை ரோட்டோரத்தில் சரிபார்க்க விரலே போதும். அடியில் இருக்கும் குட்டிப் பின்னை மெல்ல உயர்த்தி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். இருமி அணைந்தால் குறைவு. சற்று ஏறி, உடனே பழைய வேகத்துக்கு வந்து உட்கார்ந்தால் சரி. கார்புரேட்டரின் உச்சியில் இருக்கும் டாஷ்பாட் என்ற குட்டிக் குழாயில் எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு ஜெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெபர் பின்னால் போக நெடுந்தூரக்காரருக்கு ஒரு காரணமும் இல்லை.

கியரில், ஓவர்டிரைவ் இருக்கும் காருக்கு ஐந்து கியர் பாக்ஸ் தேவையா? எம்ஜிபி நாலாவது கியரில் மணிக்கு 70 மைலுக்கு எஞ்சின் 3900 சுற்றுகிறது. ஓவர்டிரைவ் போட்டால் 3200. ஃபோர்டு டைப் 9, மஸ்டா எம்எக்ஸ்-5 பாக்ஸ்களின் ஐந்தாவது கியரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும். ஓவர்டிரைவ் மூன்றாவதிலும் நாலாவதிலும் வேலை செய்யும், ஆக கையில் ஆறு கியர். அது போய்விட்டது என்று பயப்படும் நேரங்களில் பெரும்பாலும் ஒயர் கழன்றிருக்கும், அல்லது கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்விட்ச் ஒட்டியிருக்கும், அல்லது எண்ணெய் குறைந்திருக்கும். எம்ஜிபி கியர்பாக்ஸுக்கு 20டபிள்யு50 எஞ்சின் ஆயில்தான் வேண்டும். கெட்டி கியர் ஆயில் ஊற்றினால் ஓவர்டிரைவ் கெடும். காரிலேயே ஓவர்டிரைவ் இல்லை, கியர்பாக்ஸும் தேய்ந்துவிட்டது என்றால் மட்டும் ஐந்து கியருக்குப் போவது நியாயம்.

சக்கரத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கம்பிச் சக்கரம் வேண்டாம். கம்பி தளரும், பல்லிணைப்பு தேயும், உள்ளே டியூப் வேண்டும். ஸ்டீல் அல்லது அலாய் சக்கரம் போட்டு, ரப்பர் புதிதாக இருக்கும் டயர் மாட்டுங்கள். பட்டன் நன்றாகத் தெரியும் பத்து வருஷத்து டயர் ஈர ரோட்டில் நம்பத்தக்கது இல்லை. சஸ்பென்ஷனில் பழைய லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பரைச் சரியாக ரீகண்டிஷன் செய்து போட்டால் போதும். டெலஸ்கோப்பிக் வகைக்கு மாற்றுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். ஓட்டம் ஒன்றே 2000 மைல் என்பதால் புறப்படும் முன்னும், வந்தபின்னும். பிரேக் முன்னால் டிஸ்க் இருக்கிறது, போதும். ஹோஸும் ஃப்ளூயிடும் புதிதாக இருக்கட்டும்.

ரோவர் வி8 எஞ்சின் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எம்ஜியே 1973 முதல் 1976 வரை ஜிடி வி8 கட்டியது; 3528 சிசி, 137 குதிரைசக்தி. அருமையான கார். ஆனால் சாதாரண ஜிடியில் அதைப் புகுத்தும் செலவோடு ரேடியேட்டர், பிரேக், பின் ஆக்சில் எல்லாம் கூடவே வரும். சட்டமும் பார்க்க வேண்டும். 40 வருடம் தாண்டிய காருக்கு பிரிட்டனில் சாலை வரி இல்லை, 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. ஆனால் கடந்த 30 ஆண்டில் எஞ்சின் வகை, சேஸி, ஆக்சில் போன்றவற்றைப் பெரிதாக மாற்றியிருந்தால் எம்ஓடி விலக்கு போய்விடலாம். விளக்கு, இக்னிஷன், ஆல்டர்னேட்டர் இவற்றால் அந்தச் சிக்கல் வராது. விலக்கு இருந்தாலும் ஓட்டத்துக்கு முன் எம்ஓடி எடுத்துவிடுவதுதான் என் வழக்கம். நம் கண்ணுக்குத் தப்பியது இன்னொரு கண்ணில் படும்.

பெட்ரோலைப் பற்றி: 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் பங்க்கில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது தின்னும். சூப்பர் வகையான இ5 போடுங்கள், ஹோஸ் அனைத்தையும் ஆர்9 என்று அச்சிட்ட வகைக்கு மாற்றுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 1999-உடன் போய்விட்டதால், சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான வால்வ் சீட் போட்டிருக்கிறதா என்று காரை விற்பவரிடம் கேளுங்கள். ரசீது இருந்தால் நல்லது.

வேலை எல்லாம் முடிந்தபின் ஒரு இரவு முழுக்க, மழை நாளாகப் பார்த்து, 300 மைலாவது ஓட்டுங்கள். பகலில் தெரியாத பழுது அதில் வெளியே வரும்: வைப்பரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது மங்கும் ஹெட்லைட், டேங்க் பாதியில் இருமும் எஞ்சின், இரண்டாம் மணி நேரத்தில் குத்தும் இருக்கை. வந்ததும் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். புதுப் பாகம் எதையும் ஓட்டத்துக்கு முந்தைய பதினைந்து நாளில் மாட்டாதீர்கள். கழற்றிய பழையது நன்றாக வேலை செய்தது என்றால், அதைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இவை நாலும் முதலில்.